லினக்ஸ் பூட் ஆகாத நாளுக்கு ஒரு மீட்பு டிஸ்க்

கணினி கிளம்பவில்லை என்று ஒருவர் சொன்னால், சுற்றி இருப்பவர்களிடமிருந்து மூன்று யோசனைகள் வரும். "ஃபார்மட் பண்ணிட்டு மறுபடி போட்டுரு" என்பது ஒன்று. "பேக்கப் இருந்தா கவலையே இல்லை" என்பது இன்னொன்று. "இன்ஸ்டால் பண்ணின பென் டிரைவ் இருக்கும்ல, அதைப் போடு, அதுவே சரிபண்ணிடும்" என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மீட்பு டிஸ்க், பேக்கப், நிறுவும் டிஸ்க் எல்லாம் ஒன்றுதான் என்ற குழப்பமும் இந்தப் பேச்சுகளிலிருந்துதான் வளர்கிறது. பத்து நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டிய கோளாறுக்காக முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு, குழந்தையின் படங்களையும் கடைக் கணக்கையும் இழந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு ஒரு கோப்பும் கெட்டிருக்கவில்லை. கோப்புக்குப் போகும் வழி மட்டும் அடைபட்டிருந்தது.

இந்தக் கட்டுரையில் லினக்ஸை வைத்தே விளக்குகிறேன். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி போன்ற மற்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கும் அடிப்படை இதுவேதான். கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து தரப்போவதில்லை. என்ன நடக்கிறது என்பது புரிந்துவிட்டால், கட்டளையைத் தேடி எடுப்பது சுலபம்.

பூட்டிக்கொண்ட வீடு

வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்துகிறீர்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாவி உள்ளே மேசைமேல் இருக்கிறது. வீட்டுக்குள் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அரிசி டப்பாவில் அரிசி அப்படியே இருக்கிறது, பீரோவில் நகை இருக்கிறது, ஃபேன்கூட ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களால் உள்ளே போக முடியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். அது ஃபார்மட். உள்ளே இருப்பவற்றுக்கெல்லாம் இன்னொரு பிரதி ஊரில் அம்மா வீட்டில் இருந்தால், அதை எடுத்துவந்து வேறு வீட்டில் குடியேறலாம். அது பேக்கப். அடுத்த வீட்டு அக்காவிடம் கொடுத்து வைத்த மாற்றுச் சாவியை வாங்கி, பின்கதவு வழியாக உள்ளே போய், மேசைமேல் இருக்கும் சாவியை எடுத்துக்கொள்ளலாம். மீட்பு டிஸ்க் செய்வது இந்தக் கடைசி வேலையை.

மாற்றுச் சாவிக்கு இரண்டு குணங்கள் வேண்டும். அது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்; உங்கள் பூட்டுக்குப் பொருந்த வேண்டும். மீட்பு டிஸ்க்குக்கும் இந்த இரண்டுதான் முக்கியம். பல கணினிகளில் மீட்புக்கென்று ஒரு பகுதி அதே ஹார்ட் டிஸ்க்கிலேயே ஒதுக்கப்பட்டிருக்கும். மேக் கணினிகளில் 2011-லிருந்து அப்படித்தான். வசதியான ஏற்பாடுதான், ஆனால் ஹார்ட் டிஸ்க்கே படுத்துவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் வெளியே தனியாக ஒன்று இருப்பது அவசியம்.

வீடு எரிந்து போனால் மாற்றுச் சாவியால் பயன் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பேக்கப்தான் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகிவிடாது.

உள்ளே இருந்தே சரிசெய்தால் என்ன?

ஹாலுக்கு டைல்ஸ் ஒட்ட ஆள் வருகிறார். முதலில் என்ன சொல்வார்? "எல்லாரும் வெளியே போயிருங்க, சாமானையும் எடுத்துருங்க." ஆட்கள் நடமாடும் தரையில் டைல்ஸ் ஒட்ட முடியாது. ஒட்டினாலும் கோணிப்போகும்.

டிஸ்க்கில் கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன, எந்த இடம் காலி என்பதையெல்லாம் குறித்து வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். நூலகத்தின் அட்டவணை மாதிரி. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த அட்டவணையில் ஓயாமல் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். திடீரென்று மின்சாரம் போனால் அட்டவணையில் பாதி எழுதிய வரிகள் மிஞ்சலாம். அவற்றைத் தேடித் திருத்தும் கருவியை எஃப்எஸ்சிகே என்பார்கள். லினக்ஸ் ஒருபுறம் எழுத, இந்தக் கருவி மறுபுறம் திருத்தினால் இரண்டும் மோதிக்கொள்ளும். நன்றாக இருந்த பகுதியும் கெட்டுப்போகும். பயன்பாட்டில் இருக்கும் கோப்பு முறைமையில் அந்தக் கருவியை ஓட்டாதீர்கள் என்ற எச்சரிக்கை இதனால்தான் வந்தது.

ஆகவே, பழுதுபார்க்க வேண்டிய டிஸ்க்கின் மேல் நிற்காத இன்னொரு இயங்குதளம் வேண்டும். மீட்பு டிஸ்க்கை ஒரு வரியில் சொன்னால் அதுதான்: தன் சொந்தக் காலில் கிளம்பி, உங்கள் டிஸ்க்கைத் தொடாமல் ஓடி, நீங்கள் சொன்ன பிறகு மட்டும் அதைத் தொடும் ஒரு சிறிய இயங்குதளம். தானாக எதையும் குணப்படுத்தும் மந்திரம் அதில் கிடையாது.

காலையில் கடை திறப்பது போல

கணினி எப்படிக் கிளம்புகிறது என்பது தெரிந்தால்தான் எங்கே நின்றுவிட்டது என்பது தெரியும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு பெரிய வணிக வளாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் காவலாளி. அவருக்குக் கடைகளின் வியாபாரம் தெரியாது. எந்தக் கடையின் ஷட்டரை முதலில் திறக்க வேண்டும் என்ற பட்டியல் மட்டும் அவர் கையில் இருக்கிறது. கணினியில் இவர்தான் ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே பதிந்து வரும் நிரல். பழைய கணினிகளில் பயாஸ், இப்போதைய கணினிகளில் யூஇஎஃப்ஐ.

காவலாளி திறந்துவிட்டதும் கடைப் பையன் வருகிறான். முதலாளியை எழுப்பிக் கூட்டி வருவது அவன் வேலை. இவன் பூட்லோடர். லினக்ஸில் பெரும்பாலும் கிரப் என்ற நிரல். முதலாளிதான் கெர்னல்: நினைவகம், டிஸ்க், திரை, விசைப்பலகை என எல்லா வன்பொருளையும் ஆளும் மையப் பகுதி.

இங்கேதான் ஒரு சிக்கல். சரக்கெல்லாம் கிடங்கில் இருக்கிறது. கிடங்கைத் திறக்கும் சாவியும் கிடங்குக்குள்ளேயே இருக்கிறது! கெர்னலின் நிலைமை இதுதான். டிஸ்க்கைப் படிக்க அதற்கேற்ற டிரைவர் நிரல் வேண்டும். அந்த டிரைவர் டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் பூட்டுச் சொல்லால் மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்யப்பட்டிருந்தால் இன்னும் சிரமம்.

லினக்ஸ் இதற்குக் கண்ட வழி அழகானது. முதலாளி இடுப்பில் ஒரு சின்னப் பையைக் கட்டிக்கொண்டே வருகிறார். அதில் கிடங்கைத் திறக்கத் தேவையான சாவிகளும் ஒரு திருப்புளியும் இருக்கின்றன. இந்தப் பைக்கு இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயர். பூட்லோடர், கெர்னலையும் இந்தப் பையையும் சேர்த்தே நினைவகத்தில் ஏற்றிவிடும். பைக்குள் இருப்பது உண்மையில் ஒரு குட்டி லினக்ஸ். அது நினைவகத்திலேயே ஓடி, உண்மையான டிஸ்க்கைத் திறந்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும். அப்புறம் மேற்பார்வையாளர் வந்து பணியாட்களை ஒவ்வொருவராக வேலைக்கு அனுப்புவார். இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் அந்த மேற்பார்வையாளரின் பெயர் சிஸ்டம்டி. கடைசியாக உள்நுழையும் திரை வரும்.

இந்தக் குட்டி லினக்ஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்பு டிஸ்க்கும் இதே உத்திதான், கொஞ்சம் பெரிய அளவில்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ஃபர்ம்வேர், பூட்லோடர், கெர்னலும் அதன் பையும், முக்கிய டிஸ்க், சிஸ்டம்டி என்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறுகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணினி கிளம்பாது. மற்ற கண்ணிகளும் உங்கள் கோப்புகளும் நலமாகவே இருக்கலாம்.

ஒரு ஃபிளாப்பிக்குள் ஒரு இயங்குதளம்

மீட்பு டிஸ்க்கை ஏன் இன்னும் டிஸ்க் என்கிறோம்? அது பிறந்தது ஃபிளாப்பி டிஸ்க்கில். ஒரு ஃபிளாப்பியில் 1.44 எம்பிதான் கொள்ளும். இன்றைய கைபேசிப் படம் ஒன்றுகூட அதில் அடங்காமல் போகலாம். அதற்குள் கெர்னல், கட்டளைகள், பழுதுபார்க்கும் கருவிகள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டும். கெர்னலுக்கு ஒரு ஃபிளாப்பி, கருவிகளுக்கு இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்துச் செய்வதும் வழக்கமாக இருந்தது.

1995-இல் நிரலாளர் புரூஸ் பெரென்ஸ், டெபியன் லினக்ஸை நிறுவவும் மீட்கவும் ஒரே ஃபிளாப்பி போதும்படி செய்ய விரும்பினார். தனித்தனி நிரல்களாக இருந்த கட்டளைகளை எல்லாம் ஒரே சிறிய நிரலுக்குள் அடைத்தார். அதுதான் பிஸிபாக்ஸ். இன்று வீட்டு வைஃபை ரவுட்டர்கள் பலவற்றுக்குள் ஓடுவது அதுதான். உபுண்டு என்ற லினக்ஸ், டிஸ்க்கைத் திறக்க முடியாமல் பாதியில் நின்றால், கறுப்புத் திரையில் பிஸிபாக்ஸ் என்ற பெயரோடு ஒரு வரி தோன்றி உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும். நான் மேலே சொன்ன பைக்குள் இருக்கும் திருப்புளி அது. மீட்பு ஃபிளாப்பிக்காகப் பிறந்தது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மீட்பு வேலைக்கே வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஒற்றை ஃபிளாப்பி வித்தையில் டாம்ஸ்ஆர்டிபிடி என்ற வெளியீடு புகழ்பெற்றது. சாதாரண ஃபிளாப்பியையே 1.722 எம்பி கொள்ளும்படி ஃபார்மட் செய்து அதில் ஒரு முழு மீட்பு லினக்ஸைக் கொடுத்தார்கள். பிறகு குறுந்தட்டுக் காலம். 2000-இல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ், சிடியிலிருந்தே முழு டெஸ்க்டாப்பும் ஓடும் என்று காட்டியது. நிறுவாமலேயே நேரடியாக ஓடும் இந்த வகைக்கு லைவ் டிஸ்க் என்ற பெயர் நிலைத்தது. இன்று பென் டிரைவ்.

லைவ் டிஸ்க்கைப் பற்றி ஒன்றை மறக்கக் கூடாது. அதன் கோப்புகள் படிக்க மட்டுமே கூடியவை. நீங்கள் செய்யும் மாற்றங்கள் கணினியின் நினைவகத்தில்தான் இருக்கும். கரும்பலகையில் எழுதுவது போல. கணினியை அணைத்ததும் அழிந்துவிடும். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து கோப்புகளைப் பத்திரமாக எடுத்துவிட்டோம் என்று லைவ் டெஸ்க்டாப்பில் போட்டுவைத்து, கணினியை அணைத்து, எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் உண்டு. எடுக்கும் கோப்புகளை இன்னொரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோதான் போட வேண்டும்.

வெளியே நின்று உள்ளே கை நீட்டுவது

லைவ் டிஸ்க் கிளம்பிவிட்டது. இப்போது உங்கள் பழைய லினக்ஸை எப்படித் தொடுவது?

முதல் படி மவுண்ட். ஒரு டிஸ்க்கின் பகுதியை ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் ஒரு அடைவில், அதாவது ஃபோல்டரில், பொருத்துவதற்கு அந்தப் பெயர். டிஸ்க்கை இப்படிப் பகுதிகளாகப் பிரித்திருப்பதைப் பார்ட்டிஷன் என்கிறோம். மவுண்ட் செய்ததும் உங்கள் கோப்புகள் எல்லாம் கண்ணில் படும். கோப்புகளைக் காப்பாற்றுவது மட்டும் நோக்கமென்றால் வேலை இங்கேயே முடிந்தது. நகலெடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய லினக்ஸையே திரும்ப ஓட வைக்க வேண்டுமானால் இன்னொரு படி உண்டு. அதன் பெயர் சிஎச்ரூட். வேரை மாற்று என்பது பொருள். 1979-இல் வெளிவந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே இது இருந்தது. இதைச் செய்தபின் நீங்கள் தட்டும் கட்டளைகள் எல்லாம் மவுண்ட் செய்த அந்த டிஸ்க்கையே முழு உலகமாக எண்ணிக்கொள்ளும். ஓடுவது மீட்பு டிஸ்க்கின் கெர்னல். நிரல்களும் அமைப்புகளும் உங்கள் பழைய லினக்ஸுடையவை. ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து உங்கள் வீட்டு விளக்குகளை எரிய வைப்பது மாதிரி. மின்சாரம் வெளியிலிருந்து வருகிறது, விளக்கும் சுவிட்சும் உங்களுடையவை.

இந்த நிலையில் கிரப்பை மீண்டும் நிறுவலாம், பாதியில் நின்ற மேம்படுத்தலை முடிக்கலாம், இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கலாம், மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றலாம். ஒரு பென் டிரைவோடு வரும் எவரும் இதைச் செய்ய முடியும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். அதைத் தடுக்க டிஸ்க்கை மறையாக்கம் செய்கிறார்கள். மறையாக்கம் செய்த டிஸ்க்கைத் திறக்க மீட்பு டிஸ்க்குக்கும் பூட்டுச் சொல் வேண்டும். அதற்குக் குறுக்கு வழி இல்லை.

சிஎச்ரூட்டில் தொடக்கக்காரர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. உங்கள் லினக்ஸ் 64 பிட் என்றால் மீட்பு டிஸ்க்கும் 64 பிட்டாக இருக்க வேண்டும். கணினி யூஇஎஃப்ஐ முறையில் கிளம்புவதானால் மீட்பு டிஸ்க்கையும் அதே முறையில் கிளப்ப வேண்டும். பழைய பயாஸ் முறையில் கிளப்பினால் காவலாளியின் பட்டியலை அங்கிருந்து திருத்தவே முடியாது. பூட்டுக்குப் பொருந்தும் சாவி என்று முன்பு சொன்னேனே, அது இதுதான்.

எங்கே நின்றிருக்கிறது என்று பாருங்கள்

மீட்பு டிஸ்க்கைச் செருகும் முன் திரையைப் படியுங்கள். சங்கிலியின் எந்தக் கண்ணி என்பதைத் திரையே சொல்லிவிடும்.

பூட் செய்ய எந்தச் சாதனமும் இல்லை என்று வந்தால் காவலாளியிலேயே நின்றுவிட்டது. டிஸ்க் கழன்றிருக்கலாம், செத்திருக்கலாம், அல்லது பூட்லோடர் அழிந்திருக்கலாம். கிரப் ரெஸ்க்யூ என்ற வரி தெரிந்தால் பூட்லோடரின் முதல் துண்டு கிளம்பிவிட்டது, மீதியைக் காணோம். பார்ட்டிஷன்களை மாற்றி அமைத்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். கெர்னல் பேனிக் என்று வந்து முக்கிய டிஸ்க்கை மவுண்ட் செய்ய முடியவில்லை என்றால், பெரும்பாலும் இடுப்புப் பை சரியில்லை. பூட் அடைவுக்குத் தனி பார்ட்டிஷன் சின்னதாக இருந்து, பழைய கெர்னல்களால் அது நிரம்பிவிட்டால், புதிய பையை எழுத இடமில்லாமல் பாதியில் நின்றுவிடும். பிஸிபாக்ஸ் வரி தோன்றினால் பை வேலை செய்கிறது. டிஸ்க்கைத்தான் காணோம், அல்லது அதன் அட்டவணை கெட்டிருக்கிறது. அங்கேயே நின்று எஃப்எஸ்சிகேயை ஓட்டி மீண்டவர்கள் உண்டு, ஏனென்றால் அந்த நேரத்தில் டிஸ்க் இன்னும் மவுண்ட் ஆகவில்லை. எமர்ஜென்சி மோட் என்று வந்தால் எஃப்எஸ்டேப் என்ற கோப்பைச் சந்தேகியுங்கள். எந்தப் பார்ட்டிஷனை எந்த அடைவில் பொருத்துவது என்ற பட்டியல் அதில் இருக்கிறது. நீங்கள் கழற்றிவிட்ட ஒரு டிஸ்க்கின் பெயர் அதில் மிஞ்சியிருந்தாலே போதும், கணினி அதற்காகக் காத்திருந்து நின்றுவிடும்.

கிரப் பட்டியல் தெரிகிறது என்றால், முதலில் அதில் இருக்கும் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். புதிய கெர்னலால் வந்த சிக்கல் பல நேரம் இதிலேயே தீர்ந்துவிடும். பென் டிரைவ் தேவைப்படாது.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, சென்னையில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸை மறுபடி நிறுவியதும் "லினக்ஸ் அழிஞ்சு போச்சு" என்று என்னிடம் வந்த மாணவர்களின் கணினிகளில் லினக்ஸ் பத்திரமாகவே இருந்தது. பழைய பயாஸ் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் பூட்லோடருக்கு, 64 பைட்டுகள் பார்ட்டிஷன் பட்டியலுக்கு, கடைசி 2 பைட்டுகள் ஓர் அடையாளத்துக்கு. விண்டோஸ் நிறுவி அந்த 446 பைட்டுகளில் தன்னுடையதை எழுதிவிடும். போனது அவ்வளவுதான்! யூஇஎஃப்ஐ கணினிகளில் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி அடைவு இருப்பதால் அழிவது குறைவு. காவலாளியின் பட்டியலில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்திருக்கும், ஃபர்ம்வேர் அமைப்பில் வரிசையை மாற்றினாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, படிக்கவே முடியாமல் பிழைகள் வந்துகொண்டிருந்தாலோ மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அது சாகும் டிஸ்க். எஃப்எஸ்சிகே ஓட்டினால் இன்னும் வேகமாகச் சாகலாம். முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். க்னூ திட்டத்தின் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே எழுதப்பட்டது. படிக்க முடிந்த இடங்களை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். பழுதுபார்ப்பதெல்லாம் நகலின் மேல்தான்.

பென் டிரைவைத் தயார் செய்தல்

எந்த மீட்பு டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது? நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸின் லைவ் டிஸ்க்கே தொடக்கக்காரருக்குப் போதும். உபுண்டுவில் நிறுவாமல் முயன்று பார்க்கும் வசதி உண்டு. டெபியனின் நிறுவும் டிஸ்க்கில் மீட்பு முறை என்று தனியாகவே ஒரு தேர்வு இருக்கிறது. நிறுவும் டிஸ்க்கை மீட்புக்கும் பயன்படுத்தலாம் என்று ஊரில் சொல்வது இந்த அளவில் சரிதான். ஆனால் அதில் நிறுவு என்பதைத் தவறி அழுத்திக்கொண்டே போனால் வீட்டை இடிப்பதில் முடியும். மீட்புக்கென்றே கருவிகளைத் திரட்டித் தருவது சிஸ்டம்ரெஸ்க்யூ. ஒன்றை வைத்துக்கொள்வதானால் நான் அதைத்தான் சொல்வேன். சர்வர் வைத்திருப்பவர்கள் ரிலாக்ஸ் அண்ட் ரெக்கவர் என்ற கருவியைப் பார்க்கலாம். உங்கள் கணினியின் கெர்னல், டிரைவர்கள், பார்ட்டிஷன் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டே அந்தக் கணினிக்கென்று அளவெடுத்துத் தைத்த மீட்பு டிஸ்க்கை அது உருவாக்கும்.

பதிவிறக்குவது ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பு. ஒரு முழு டிஸ்க்கின் அச்சு அசல் நகல் அது. இங்கே நிறையப் பேர் செய்யும் தவறு, அந்தக் கோப்பைப் பென் டிரைவில் சாதாரணமாக நகலெடுத்துவிட்டு அது பூட் ஆகும் என்று காத்திருப்பது. வீட்டின் வரைபடத்தைக் காலி மனையில் வைத்துவிட்டால் வீடு எழும்பிவிடாது. ஐஎஸ்ஓவைப் பென் டிரைவின் முதல் பைட்டிலிருந்து பரப்பி எழுத வேண்டும். அதற்கென்று எழுதும் கருவிகள் எல்லா லினக்ஸிலும் உண்டு. பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும், ஆகவே காலியான ஒன்றை எடுங்கள். 8 ஜிபி போதும்.

எழுதும் முன் இரண்டு சோதனைகள். ஐஎஸ்ஓவை வெளியிட்டவர்கள் அதன் எஸ்எச்ஏ256 கைரேகையையும் கொடுத்திருப்பார்கள். கோப்பின் எல்லா பைட்டுகளையும் கணக்கிட்டு வரும் 64 எழுத்துச் சரம் அது. ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறாக வரும். உங்கள் பதிவிறக்கத்துக்கும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அடுத்தது, எந்தச் சாதனத்தில் எழுதப்போகிறீர்கள் என்பது. டிடி என்ற பழைய யுனிக்ஸ் கட்டளை சொன்ன இடத்தில் கேள்வி கேட்காமல் எழுதும். பெயரில் ஒரு எழுத்து மாறினால் பென் டிரைவுக்குப் பதிலாக உங்கள் முக்கிய டிஸ்க்கை அழித்துவிடும். சாதனங்களைப் பட்டியலிட்டு அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பென் டிரைவைக் கழற்றியபோது பட்டியலில் எது மறைகிறது, செருகியதும் எது வருகிறது என்று பார்ப்பது இன்னும் நிச்சயமான வழி.

தாளில் எழுதி வைக்க வேண்டியவை

பின்கதவு வழியாக இருட்டில் நுழைகிறவருக்கு எந்த அறை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷன் எது, எவ்வளவு பெரியது, எந்தக் கோப்பு முறைமை, கணினி கிளம்புவது பயாஸ் முறையிலா யூஇஎஃப்ஐ முறையிலா, பூட் பட்டியலை வரவழைக்க எந்த விசை என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அந்த விசை கணினிக்குக் கணினி மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் எதுவாகவும் இருக்கலாம். எஃப்எஸ்டேப் கோப்பின் நகல் ஒன்றையும் பார்ட்டிஷன் பட்டியலின் நகலையும் வேறொரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். இவை சில கிலோபைட்டுகள்தான். பார்ட்டிஷன் பட்டியல் அழிந்துபோன டிஸ்க்கில் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி தேடிக் கண்டுபிடித்துத் தரும், ஆனால் நகல் கையில் இருந்தால் தேடவே வேண்டாம்.

மறையாக்கம் செய்த டிஸ்க் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். லக்ஸ் என்ற முறையில் மறையாக்கம் செய்யும்போது டிஸ்க்கின் தொடக்கத்தில் தலைப்பு என்று ஒரு பகுதி இருக்கும். உண்மையான திறவுகோல் அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் பூட்டுச் சொல் அந்தத் திறவுகோலை எடுக்க மட்டுமே உதவுகிறது. தலைப்பு கெட்டால் பூட்டுச் சொல் சரியாக நினைவிருந்தும் கோப்புகள் போனது போனதுதான். அதன் நகலை வெளியே, பத்திரமான இடத்தில் வையுங்கள்.

ஒத்திகை

சில வருடங்களுக்கு முன் மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. என் மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லை. திரும்பக் கிளப்பியபோது கெர்னல் பேனிக். மேசை டிராயரில் மீட்பு பென் டிரைவ் இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தேன். செருகினேன். கிளம்பியது, ஆனால் என் புதிய எஸ்எஸ்டி அதன் கண்ணுக்கே தெரியவில்லை. பென் டிரைவில் இருந்த கெர்னல் அந்த எஸ்எஸ்டிக்கு முந்தைய காலத்தது. அன்று இரவு அடுத்த தெருவில் ஒரு நண்பர் வீட்டில் போய் உட்கார்ந்து புதிதாகப் பதிவிறக்கித்தான் மீட்டேன். சிஎச்ரூட் செய்து மேம்படுத்தலை முடிக்க ஆன நேரம் கால் மணிகூட இல்லை. சாவி தேடித்தான் மூன்று மணி நேரம் போனது.

ஆகவே கணினி நன்றாக ஓடும் நாளிலேயே ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள். பென் டிரைவைச் செருகி, பூட் பட்டியலை வரவழைத்து, அதிலிருந்து கிளப்புங்கள். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள பூட்லோடரை மட்டும் கிளம்பவிடும் ஃபர்ம்வேர் பாதுகாப்பு) தடுக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். உங்கள் டிஸ்க் பட்டியலில் தெரிகிறதா? தாளில் எழுதிய பார்ட்டிஷன்களும் அளவுகளும் ஒத்துப்போகின்றனவா? முக்கியப் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்து, உங்கள் கோப்பு ஒன்றைத் திறந்து, இன்னொரு பென் டிரைவில் நகலெடுத்துப் பாருங்கள். துணிவு இருந்தால் முறையாக மவுண்ட் செய்து சிஎச்ரூட் வரை போய், எதையும் மாற்றாமல் வெளியே வாருங்கள். அரை மணி நேர வேலை.

புதிய டிஸ்க்கோ புதிய கணினியோ வாங்கினாலும், லினக்ஸை அடுத்த பதிப்புக்கு மாற்றினாலும் மீட்பு டிஸ்க்கைப் புதுப்பியுங்கள். புதிய கோப்பு முறைமையின் அம்சங்கள் பழைய கருவிக்குப் புரியாமல் போகும். ஒன்றும் மாறாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை கிளப்பிப் பாருங்கள். மின்சாரமே காணாமல் பல வருடம் கிடக்கும் பென் டிரைவில் எழுதியவை மெல்ல அழியக்கூடும். முடிந்ததும் ஒரு துண்டு டேப்பில் மீட்பு, 64 பிட், யூஇஎஃப்ஐ, தேதி என்று எழுதி அதன் மேல் ஒட்டி, அந்தத் தாளோடு சேர்த்து ஓர் உறையில் போட்டு, வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியும் இடத்தில் வைத்துவிடுங்கள்.